பிரமிடுக்குள் போகாதவர்

அவருடைய பெயரை மறைப்பதற்காக இப்படி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. ஐந்தாறு வருஷம் தினமும் பார்த்த மனிதரை, மேடையில் ஏற்றிப் பேசவைத்த மனிதரை, 'எகிப்து' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்துபோன எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்களில் ஒருவரும் நான் செய்ததைச் செய்யவில்லை.

காவேரியில் குளிக்க வருகிறவர்களின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் தொழில். படித்துறைக்குப் பக்கத்தில் அரசமரத்தடியில் ஒரு கோணிச் சாக்கை விரித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். உயரமான, ஒல்லியான ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் யாரும் போடாத காக்கி அரைக்கால் சட்டை. பக்கத்தில் ஓரம் உதிர்ந்த ஒரு பட்டாளத்து எனாமல் குவளை. தொட்டியம் பக்கத்து விவசாயக் குடும்பம். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, முடிந்ததும் திரும்பி வந்தவர் என்று சொல்வார்கள்.

அவரிடம் டோக்கன், சீட்டு எதுவும் கிடையாது. மூட்டையை வைக்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"உள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டு வைங்க."

அவர்கள் சொல்ல வேண்டும். அவர் திறந்து பார்க்க மாட்டார். குளித்துவிட்டு வந்ததும், மூட்டையைத் தொடாமலே அப்படியே ஒப்பிப்பார்: "ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு, ஒரு சுருக்குப்பை. சுருக்குப்பைக்குள்ள என்னன்னு நீங்க சொல்லலை. எடுத்துக்கங்க." ஆடிப்பெருக்கு அன்று ஐம்பது அறுபது மூட்டை சேரும். ஒன்றுக்கொன்று மாறி நான் பார்த்ததில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கொடுக்காமல் போனாலும் முகம் மாறாது.

ஒரு நாள் ஓர் அம்மாள் குளித்துவிட்டு வந்து, பையைக் குடைந்து, "வெள்ளிச் சிமிழ் காணோமே!" என்று கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"வைக்கிறப்ப வெள்ளிச் சிமிழ்னு நீங்க சொல்லலைங்கம்மா. சொன்னது ஒரு புடவை, ஒரு சொம்பு, மஞ்சள் பொட்டலம்."

"நான் சொல்லாட்டி? உள்ளே இருந்துதே!"

"அது நான் பாக்கலைங்க."

இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. எது கேட்டாலும், தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால், அது நான் பார்க்கவில்லை. யாரோ சொன்னார்கள், இருக்கலாம், இருந்தாலும் இருக்கும் என்ற பேச்செல்லாம் கிடையாது. அன்று சுற்றி நின்றவர்களில் பூ விற்கிறவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எகிப்து சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. உன் ஆளுங்களைக் கேளு." ஈரப் பாவாடையோடு நின்ற அந்த அம்மாளின் மகள் இடுப்பில் சொருகியிருந்த சிமிழை எடுத்துக் காட்டினாள். அந்த அம்மாள் அசடு வழிந்தாள். சிமிழ் கிடைப்பதற்கு முன்பே படித்துறை அவர் பக்கம் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவருக்கு வேறு கடை கண்ணி இல்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் ஊர் மூட்டையைக் கொடுத்தது.

இன்னொரு வழக்கம். வெயில் ஏறி நிழல் நகர்ந்தால், மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிழலுக்குள் நகர்த்தி வைப்பார். ஐம்பது மூட்டை இருந்தாலும் சரிதான். "துணிதானே, காய்ஞ்சா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன். "உள்ள பழம் இருக்குன்னு சொன்னாங்கள்ல, சார்" என்றார்.

இதை அவர் எகிப்தில் கற்றுக்கொண்டு வந்தார். அந்தக் கதையைக் கேட்காமல் அம்மா மண்டபத்தில் யாரும் தலை துவட்டியதில்லை.

பட்டாளத்தில் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாறும்போது இவர்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு நாள் லீவு கிடைத்திருக்கிறது. பிரமிடு பார்க்கப் புறப்பட்டார்கள். முகாம் மாறுகிற சமயமானதால் ஆளுக்கொரு கனத்த முதுகுப்பை. சிவப்புக் குல்லாயும் கணுக்கால் வரை அங்கியும் போட்ட ஒரு கைடு டிராம் வண்டியிலேயே இவர்களைப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து ஆரம்பிப்பார் எகிப்து. டிராம் எந்தப் பக்கம் திரும்பியது, எந்த இடத்தில் பச்சை வயல் முடிந்து கத்தியால் அறுத்த மாதிரி மணல் தொடங்கியது, ஒட்டகக்காரன் எப்படிக் கையைப் பிடித்து இழுத்தான், கைடு தனக்குத் தெரிந்த நாலு இந்துஸ்தானி வார்த்தையை வைத்துக்கொண்டு ராஜா கதை சொன்னது, எல்லாம் வரும். கேட்கிறவன் காலில் மணல் சுடும். "இங்க நில்லுங்க, இப்ப நிமிந்து பாருங்க" என்பார். ஈரத் துண்டோடு நிற்கிறவர்கள் நிஜமாகவே நிமிர்ந்து அரசமரத்தைப் பார்ப்பார்கள்.

பிறகு வாசல் வரும்.

"உள்ள போற வழி குனிஞ்சு போற பொந்துங்க. பையோட போக முடியாதுன்னுட்டான் கைடு. யாராவது ஒருத்தர் இருக்கணும். நான் இருக்கேன்னேன். சேலத்துக்காரன் ஒருத்தன், 'நான் சீக்கிரம் வந்து உன்னை அனுப்பறேன்'னு சொல்லிட்டுப் போனான். பன்னெண்டு பையையும் கல்லோரமா வச்சுக்கிட்டு உக்காந்தேன். கல்லு ஒவ்வொண்ணும் என் நெஞ்சு உசரம். நிழல் நகர நகர, பையை நகத்தினேன்."

"உள்ளே என்ன இருந்துது?"

"அது நான் பாக்கலைங்க."

"அட, சேலத்துக்காரன் வந்து உங்களை அனுப்பலையா?"

"மறந்துட்டாங்க. வெளியில வந்தப்பவே கைடு விசில் அடிச்சுட்டான், நேரமாயிடுச்சு. அவனைத் தப்பு சொல்ல முடியாது. உள்ள போயிட்டு வரவனுக்கு வாசல்ல நின்னவன் ஞாபகம் வராதுங்க."

கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டாரே என்று கோபித்துக்கொண்டவர்கள்கூட உண்டு. கடல் தாண்டிப் போய் மூட்டை பார்த்துவிட்டு வந்த ஆள் என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். "உள்ள என்ன இருக்குன்னுதான் தெரியாது. வெளியில வந்த பதினோரு பேர் மூஞ்சியும் எப்படி இருந்துச்சுன்னு தெரியும், சொல்லட்டுமா?" என்பார். அதைக் கேட்க யாரும் நின்றதில்லை. நானும் நின்றதில்லை. இப்போது தோன்றுகிறது, அதைக் கேட்டிருக்கலாம்.

வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் திறக்கும்போதும் இதே கதைதான். வெளியூர் ஜனங்களின் மூட்டைகளோடு உட்கார்ந்திருப்பார். "இதே ஊர்ல இருந்துக்கிட்டு சொர்க்கவாசல்கூடவா பாக்கலை?" என்றால், "அதுவும் பாக்கலைங்க" என்பார்.

இனி என் கதை.

அப்போது நான் திருச்சியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு வாசகசாலைக்குச் செயலாளர். சம்பளம் இல்லாத அந்தப் பதவியில் எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, அது கலெக்டருக்குக்கூட இருந்திருக்காது. ஆண்டு விழாவுக்குப் பேச ஒப்புக்கொண்ட ஒரு புரொபசர் இரண்டு நாள் முன்னால் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மேலதிகாரியை வேறு விழாவுக்கு அழைத்திருந்தேன். மறுநாள் காலை குளிக்கப் போனபோது அரசமரத்தடியில் இவர் கதையில் டிராமைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆஹா, இதோ ஆள் என்று பட்டது.

"சார், நான் மேடையில எல்லாம் பேசினதில்லைங்களே" என்றார்.

"இங்கே சொல்றதை அங்கே சொல்லுங்க, போதும்."

"உள்ள என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்களே?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

அன்று சாயங்காலம் வாசகசாலை வாசலில் கரும்பலகையை வைத்து, கலர் சாக்பீஸால் நானே எழுதினேன். 'பிரமிடுக்குள் ஒரு பயணம். எகிப்து மன்னன் கல்லறைக்குள் நேரில் சென்று வந்த அன்பர் பேசுகிறார்.' தெரிந்தேதான் எழுதினேன். 'பிரமிடு வாசலில் மூட்டை காத்தவர் பேசுகிறார்' என்று எழுதினால் எவன் வருவான்? அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும்.

கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைமை. முன்வரிசையில் என் மேலதிகாரி. எகிப்து காக்கிச் சட்டையைத் துவைத்து மடிப்பெடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டாளத்து பெல்ட்டோடு வந்தார். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. டிராம் கிளம்பியதும் சரியாகிவிட்டது. அரை மணி நேரம் அந்த ஹாலில் ஒருவர் இருமவில்லை. "இப்ப நிமிந்து பாருங்க" என்றார். தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் ஓட்டுக்கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசல் வந்தது. நிறுத்தினார்.

"இதுக்கு மேல நான் பாக்கலைங்க. நான் வெளியில பை பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்னால் இருந்து ஒரு காலேஜ் பையன் எழுந்தான். "போர்டுல கல்லறைக்குள்ள போனார்னு போட்டிருக்கே! எங்களை என்ன கேணையன்னு நினைச்சீங்களா?"

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "என்ன சார் இது? யார் எழுதினது?"

மேலதிகாரியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகப் பேசியது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. நான் யோசித்துத்தான் சொன்னேன்.

"நான்தான் எழுதினேன். உள்ளே போனேன்னு இவர்தான் என்கிட்டச் சொன்னார்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. வைத்த மூட்டையில் வேறென்னவோ இருப்பதைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு திகைப்பு. "நான் சொல்லலைங்களே, சார்" என்றார், மெதுவாக, ஒரே தடவை.

"சரி, சரி, உட்காருங்க. பட்டாளத்துக்காரர்னா கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. மறுபடியும் சிரிப்பு. நான் எழுந்து நன்றியுரை வாசித்தேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. அவருக்கு வைத்த காபி ஆறிப்போய்க் கிடந்தது.

ஸ்ரீரங்கம் சின்ன ஊர். ஒரு வாரத்தில் எகிப்து 'எகிப்துப் புளுகு' ஆகிவிட்டார். சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் படியில் நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, எடமலைப்பட்டி புதூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பையை அவரிடம் கொடுக்கப் போனார். உள்ளூர்க்காரர் ஒருவர் தடுத்தார். "அவன்கிட்டயா? போகாத இடத்துக்குப் போனேன்னு அளந்த ஆளுங்க. நாளைக்கு வைக்காததை வச்சேன்னு சொல்வான், வச்சதை வைக்கலைன்னு சொல்வான்." அவர்கள் பாதிப் பேர் குளிக்க, பாதிப் பேர் பையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். நான் இரண்டடி தள்ளி நின்று காதில் தண்ணீர் போனதுபோலத் தலையைச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து மூட்டை, ஐந்து மூட்டை, மூன்று நான்கு என்று குறைந்தது. அந்த மூன்று நான்கையும் நிழல் நகரும்போது நகர்த்தத்தான் செய்தார்.

ஒரு சாயங்காலம் வாசகசாலைக்கு வந்தார். காலில் ஆற்று மணல் என்று படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

"சார், நான் சண்டைக்கு வரலை. நீங்க ஏதோ அவசரத்துல சொல்லிட்டீங்க. மனுசனுக்கு வரதுதான். ஒரு பத்துப் பேர் இருக்கறப்ப, அந்த ஆளு அப்படிச் சொல்லலை, நான்தான் போர்டுல போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் பொழைப்பு வாய்ச்சொல்லுங்க, சார்."

"அதுக்கென்ன, அடுத்த கூட்டத்திலேயே சொல்லிடறேன். நீங்களும் வாங்க" என்றேன். சொன்னபோது நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தார். பின்சுவரில் சாய்ந்து நின்றார். நான் புதிதாக வாங்கிய புத்தகங்களைப் பற்றிப் பேசினேன், சந்தா கட்டாதவர்களைக் கடிந்துகொண்டேன், உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த கூட்டத்துக்கும் வந்தார். மூன்றாவதுக்கும் வந்தார். ஒரு தடவைகூட என்னிடம் வந்து ஞாபகப்படுத்தவில்லை. கடைசி ஆள் போகும்வரை நின்றுவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சப்பைக்கட்டு இருந்தது: இன்று தலைவர் வரவில்லை, இன்று பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், இன்று நேரமாகிவிட்டது. மூட்டையை விட்டுவிட்டு எங்கும் நகராத மனுஷன் எப்படிக் கூட்டத்துக்கு வருகிறார் என்று மூன்றாவது தடவைதான் யோசித்தேன். பார்த்துக்கொள்ள மூட்டையே இல்லாததால் வந்திருக்கிறார்.

அதன் பிறகு அரசமரத்தடி காலியாகிவிட்டது. எங்கே போனார் என்று பூக்காரிக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து எங்கள் ஆபீஸிலிருந்து முக்கொம்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் போனோம். பத்துப் பன்னிரண்டு பேர். புளியோதரைத் தூக்குகளும் பைகளுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கினோம். எல்லோருக்கும் அணையைப் பார்க்க அவசரம். மரத்தடியில் ஒருவர் கோணிச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். காக்கி நிக்கர். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் அதே எனாமல் குவளை.

"வைங்க, பாத்துக்கறேன். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வைங்க" என்றார்.

எங்கள் ஹெட்கிளார்க் சந்தேகப் பிராணி. "உம்மை இங்கே யாருக்குய்யா தெரியும்? எந்த ஊரு?"

"முன்னாடி ஸ்ரீரங்கத்துலங்க. அம்மா மண்டபத்துல இருந்தேன்."

"அட, நம்ம சாரும் ஸ்ரீரங்கம்தானே!" என்று ஹெட்கிளார்க் என்னை முன்னால் இழுத்தார். "என்ன சார், இவரைத் தெரியுமா? நம்பி வைக்கலாமா?"

இதைவிட என்ன வேண்டும்? பத்துப் பேர் இருந்தார்கள். அவர் கேட்டதும் பத்துப் பேர்தான். ஒரே ஒரு வாக்கியம். அன்று முன்வரிசையில் இருந்த என் மேலதிகாரியும் எங்களோடு வந்திருந்தார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்று கண்ணைச் சுருக்கினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹெட்கிளார்க் அவர் பக்கம் திரும்பினார். "என்னய்யா, நீயாவது சொல்லு. இவரைப் பார்த்திருக்கியா, இல்லையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் கேள்வியும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்பதைத்தான் பார்த்திருப்பார்.

"பாக்கலைங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். அதையும் எனக்காகச் சொன்னார்.

"அப்ப வேண்டாம்பா, நாமே தூக்கிக்கலாம்" என்றார் ஹெட்கிளார்க். தூக்குகளையும் பைகளையும் சுமந்துகொண்டு அணைக்கு நடந்தோம். என் பையை மட்டுமாவது அவரிடம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் யாரோ ஒருவருடைய ஒற்றைப் பையை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

மறுபடியும் அவரை நான் பார்க்கவில்லை. வாசகசாலையும் இப்போது இல்லை. அன்று ஹாலில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இருப்பார்களோ என்னவோ. அவர் கேட்டது பத்துப் பேர். இதைப் படிக்கிறவர்கள் அத்தனை பேராவது இருப்பீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். அவர் பிரமிடுக்குள் போகவில்லை. போனேன் என்று யாரிடமும், ஒரு நாளும், சொல்லவில்லை. போர்டில் எழுதியவன் நான்.